வெள்ளத்தாய் கேட்ட கடிதம்

ஜூன் 2, திங்கள்

தினமும் அரைப் பக்கமாவது கையால் எழுத வேண்டும் என்று உத்தரவு. போட்டவர் மாசிலாமணி சார். ‘அன்றாடம்’ நாளிதழின் மதுரைப் பதிப்பில் தலைமை உதவி ஆசிரியர். இந்த வருடம் எடுத்திருக்கும் பன்னிரண்டு மாணவப் பத்திரிகையாளர்களையும் மேய்க்கிற வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாமாம். அப்படியானால் எழுதினோமா இல்லையா என்று உங்களுக்கு எப்படி சார் தெரியும் என்று கேட்க வாய் வரை வந்தது. முதல் நாளே எதற்கு வம்பு என்று விழுங்கிக்கொண்டேன்.

ஜூன் பேப்பர், ஜூலை டிவி, ஆகஸ்ட் இணையம். மூன்றும் ஒரே கட்டடத்தில் மூன்று மாடி. ஒரே செய்தியை மூன்று மாடிக்கும் ஏற்றபடி கொடுக்கத் தெரிந்தவர்தான் இனிமேல் பிழைக்க முடியும் என்றார்கள். பிறகு மூன்று மாதம் எந்த மாடியில் போடுகிறார்களோ அங்கே. நவம்பர் கடைசியில் ஒருவருக்கோ இருவருக்கோ வேலை, மற்றவர்களுக்குச் சான்றிதழ். வெறும் சான்றிதழோடு தேவகோட்டைக்குப் போய் நின்றால் அம்மா என்னை பி.எட். சேர்த்துவிடுவாள். எனக்கு வேலைதான் வேண்டும்.

பக்கத்து நாற்காலி ஹாருண், ஆம்பூர்க்காரன். பிரியாணி பற்றி மட்டும் பேசாதே, எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள் என்று அவனே முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

ஹாஸ்டலுக்கு வாளி வாங்க வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

மின்தடை அறிவிப்பு பதினொன்று எழுதினேன். ஒன்பது அச்சில் வந்தது. மின்தடைக்கு யாரும் பெயர் போடுவதில்லை.

ஜூன் 12, வியாழன்

நாய்க்கடிக்கு ஊசி போட எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணி வரச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாடி மாறிப் போய் ஒரு பெண்கள் வார்டில் நுழைந்துவிட்டேன். வலது கை முழுக்கக் கட்டுப் போட்ட ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். பத்தொன்பது வயதிருக்கும். போன் லாக் எடுக்கத் தெரியுமா அக்கா என்றாள். விரல் ரேகை வைத்துத்தான் திறக்குமாம். எந்த விரல் என்று கேட்டேன். கட்டுப் போட்ட கையைக் காட்டினாள். அந்த விரலும் அதற்கு அடுத்ததும் இல்லை.

பெயர் தவமணி. அரூர்ப் பக்கத்து மலைக்காரப் பெண். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஹாஸ்டலில் தங்கி வேலை. ஹாஸ்டல் கிரைண்டரில் கை விட்டுவிட்டாள் என்று சீட்டில் எழுதியிருந்தது. கூட இருந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. நான் கிளம்பியதும் படிக்கட்டு வரை பின்னால் வந்து, “கிரைண்டர் இல்ல பாப்பா” என்றார். அவர் பெயர் பொன்னழகு. அதே மில்லில் அதே ஷிஃப்ட்.

நாய்க்கடி நாற்பத்தி மூன்று.

ஜூன் 15, ஞாயிறு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழரசக் கடையின் உள்மேசையில் பொன்னழகு அக்காவைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் பேசினார். நானும் நோட்டில் கை வலிக்க எழுதினேன்.

கார்டிங் என்று ஒரு மெஷின். பஞ்சைச் சீப்பு போட்டு வாருகிற மாதிரி வாரும். அடிக்கடி பஞ்சு அடைத்துக்கொள்ளும். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். நிறுத்தினால் கணக்கு குறைகிறது என்று சூப்பர்வைசர் நிறுத்த விடுவதில்லை. ஓடும்போதே எடுக்கச் சொல்கிறார்கள். தவமணி எடுத்தாள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தது பொன்னழகு அக்கா. அந்த ஷிஃப்டில் அந்தப் பகுதியில் மொத்தம் ஐந்து பெண்கள். தவமணி போக மீதி நான்கு பேர்.

புருஷனும் அதே மில்லில் லாரி ஓட்டுகிறார். மில் லைன்வீட்டில் குடியிருப்பு. பேர் மட்டும் வெளியே வந்துடக்கூடாது பாப்பா என்று நாலு தடவை சொன்னார். அது என் பொறுப்பு அக்கா என்றேன்.

நடுவில் அவர் போன் அடித்தது. வெள்ளத்தாயி கூப்பிடுது, எங்க நாலு பேர்ல ஒண்ணு, எனக்குப் பதிலா இன்னிக்கு ஷிஃப்ட் பாக்குது, அதுதான் எங்க இருக்கேன்னு கேக்குது என்று சொல்லி எடுத்துப் பேசினார். சாத்துக்குடி ஜூஸுக்கு நானே கொடுக்கிறேன் என்றேன். விடவில்லை.

ஜூன் 18, புதன்

கட்டுரையை நான்காவது தடவை திருத்தி எழுதியாகிவிட்டது. மாசிலாமணி சார் சிவப்பு மையோடு உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்க முடியாது. முதல் பத்தியை அடித்தார். கடைசிப் பத்தியை முதலில் போட்டார். பேசிய பெண்ணுக்கு நான் வைத்திருந்த மாற்றுப் பெயர் லட்சுமி. அதையும் அடித்தார்.

“எல்லா ஸ்டோரியிலயும் லட்சுமிதானாம்மா? படிக்கிறவனுக்குப் பொய்ப் பேருன்னு அங்கயே தெரிஞ்சிரும். அந்த மண்ணுல வைக்கிற பேரா ஒண்ணு வை.”

பேனாவை எடுத்ததும் வெள்ளத்தாய் என்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, தானாக வந்தது. பக்கத்திலேயே அடைப்புக்குள் ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று போட்டேன். சார் படித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். பேரு உக்காந்திருச்சு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

முழுப் பக்கம். கீழே ‘சகாய ஜெனிட்டா’ என்று என் பெயர். அம்மா தேவகோட்டையில் ஐந்து பேப்பர் வாங்கி, பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள். பங்குச் சாமியார் ஒன்றை வைத்துக்கொண்டாராம்.

பொன்னழகு அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மில்லில் பேப்பர் போடமாட்டார்கள் போலிருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

மூன்று நாளாக டிவி மாடி. பேப்பரில் ஒரு பக்கம் எழுதியதை இங்கே நாற்பது விநாடியில் சொல்ல வேண்டும். மில்லில் அதிகாரிகள் போய் விசாரித்திருக்கிறார்கள், அதனால் நம் செய்தியை டிவியில் தொடர வேண்டும் என்று புரொடியூசர் என்னைப் பிடித்துக்கொண்டார். பொன்னழகு அக்கா கேமரா முன்னால் வர மாட்டார். அவர் சொன்னதை வேறு ஒரு பெண் குரலில் பேச வைத்து, முகம் தெரியாமல் பின்னால் விளக்கு வைத்து ஒருத்தியை உட்கார வைக்கலாம் என்று முடிவாயிற்று. உட்கார்ந்தது நான். மேக்கப் அறையில் இருந்த சேலையைச் சுற்றிக்கொண்டேன். மில்காரப் பெண்கள் எப்படி முடி போடுவார்கள் என்று கேட்டார்கள். கொண்டை என்றேன். போட்டுவிட்டார்கள். நிழலில் பார்த்தால் நாற்பது வயதுப் பெண்மணியாகவே இருந்தேன்.

திரையில் பேசுகிறவர் பெயர் வரும் பட்டையை நானே தட்டச்சு செய்தேன். அதில் பதினைந்து எழுத்துக்கு மேல் ஏறாது. ‘வெள்ளத்தாய், மில் தொழிலாளி’ என்பதோடு இடம் முடிந்துவிட்டது. அடைப்பு வெளியே நின்றுவிட்டது. சித்தரிப்பு என்று ஓரத்தில் போட வேண்டும் என்று ஹாருண் முனகினான். அந்த ஓரத்தில் சேனல் முத்திரை இருக்கிறது.

டிவிக்கு எழுத வருது உனக்கு என்றார் புரொடியூசர்.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் பொன்னழகு அக்கா போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது. யார் பக்கத்தில் இருந்தார்களோ.

“வெள்ளத்தாயிய ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுட்டாங்க பாப்பா. பேப்பர்ல வந்தப்பயே கேட்டாங்க. பேரு மாத்தியிருக்குன்னு போட்டிருக்கறதக் காமிச்சு தப்பிச்சிருச்சு. டிவியப் பாத்துட்டு, கொண்ட கூட உன்ன மாதிரிதான் இருக்குங்கறாங்களாம். நீங்க ஏன் பாப்பா அந்தப் பேர வச்சீங்க?”

வெள்ளத்தாய் என்று ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள் அக்கா, இது தற்செயல் என்று சொன்னேன். எங்க மில்லுல ஒண்ணுதான் என்றார்.

தற்செயல்தான். இதில் நான் என்ன செய்ய முடியும்? வாளிக் கைப்பிடி உடைந்துவிட்டது. நூறு ரூபாய் வாளி இரண்டு மாதம்கூட வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இணைய மாடிக்குத் தலைவர் கிருபா. இருபத்தேழு வயது. எல்லாரும் ப்ரோ என்கிறார்கள். சுவரில் பெரிய திரை. இந்த நிமிடம் எந்தச் செய்தியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, எல்லாரும் சுவரைத்தான் பார்க்கிறார்கள்.

கிருபாவின் பாடம் இதுதான். தலைப்பில் ஊர்ப் பெயர், ஆள் பெயர் இருக்க வேண்டும். ‘ஒரு பெண் தொழிலாளி’ என்று போட்டால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. பெயர் இருந்தால்தான் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும். பழைய நல்ல செய்தி ஏதாவது இருந்தால் எடுத்துப் புதுசு பண்ணு என்றார். எல்லாருமாக என்னைப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

டிவியில் வந்த நிழல் காட்சியை வெட்டி ஏற்றினேன். தலைப்பு: ‘மெஷினை நிறுத்த விடல... கதறும் வேடசந்தூர் வெள்ளத்தாய்!’ அடைப்பு போட்டால் தலைப்பு நீளுகிறது. உள்ளே கட்டுரையின் அடியில் போட்டேன். இல்லை, போட வேண்டும் என்று நினைத்தேன். போட்டேனா என்று ஞாபகம் இல்லை.

பிற்பகலில் சுவரில் முதல் இடம். கிருபா எழுந்து நின்று கை தட்டினார். நான்கு லட்சம் பேர். எல்லாருக்கும் பஃப்ஸ்.

ஆகஸ்ட் 9, சனி

ஆறு லட்சம். ஹாருண் பஃப்ஸ் சாப்பிடவில்லை என்று இன்றைக்குத்தான் யாரோ சொன்னார்கள். அவனுக்கு வயிற்றெரிச்சல்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பொன்னழகு அக்கா போன். வெள்ளத்தாயை அனுப்பிவிட்டார்கள். லைன்வீட்டையும் அன்றைக்கே காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் இல்லாத பொம்பளை, இருக்கிற ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அந்த ஒற்றை அறையில் இருந்திருக்கிறார். இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்து போனாராம். பக்கத்து மில்லில் கேட்டிருக்கிறார். அங்கே போனில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள்.

துவைத்துப் போட்ட துணி மழையில் நனைந்துவிட்டது. மறுபடி அலசினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

வெள்ளத்தாய் வந்திருந்தார்.

நேற்றோடு இதை எழுதுவதையே நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும். வரவேற்பறையிலிருந்து, மில் விஷயமா ஒரு அம்மா வந்திருக்காங்க, மாசிலாமணி சார் கூட்டத்தில் இருக்கார், ட்ரெய்னி யாராவது வாங்க என்றார்கள். மாடியில் நான்தான் இருந்தேன்.

குட்டையான ஆள். நிஜமாகவே கொண்டை. துணிக்கடைப் பையிலிருந்து எங்கள் பேப்பரின் அந்தப் பக்கத்தை எடுத்தார். எட்டாக மடித்திருந்ததால் மடிப்பெல்லாம் கிழிந்து பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. அடைப்புக்குள் இருந்த இரண்டு வார்த்தைக்கும் கீழே பேனாவால் கோடு.

“இதுல பாருங்க மேடம், பேரு மாத்தியிருக்குன்னு போட்டிருக்கு. இத வச்சுத்தான் ரெண்டு வாரம் தப்பிச்சேன். டிவில இது இல்லையாம். போன்லயும் இல்லையாம். மேனேஜரு மூணு தடவ போட்டுக் காமிச்சாரு.”

என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“அது நான் இல்லைன்னு ஒரு லெட்டர். ஆபீஸ் சீல் வச்சு. அது போதும்.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இதை எழுதுன பொண்ணு இருக்காங்களா என்று கேட்டார். வெளியூர் டூட்டியில் போயிருக்காங்க என்றேன். ஃபேன் காற்றில் என் கழுத்தில் இருந்த அடையாள அட்டை திரும்பிக்கொண்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் தன் முந்தானையால் துடைத்து வைத்தார்.

கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். “யாரு பேசுனான்னு எனக்குத் தெரியும் மேடம். அவளுக்கு ஷிஃப்ட் பாத்ததே நாந்தான். மேனேஜரு கேட்டப்பயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நான் இல்லைன்னு மட்டும்தான் கேக்குறேன்.”

வருகைப் பதிவேட்டில் பெயர், போன் எண், நேரம் எல்லாம் எழுதிவிட்டு, நோக்கம் என்ற கட்டத்தில் ‘லெட்டர்’ என்று எழுதியிருக்கிறார். அழகான கையெழுத்து.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாசிலாமணி சாரிடம் சொன்னேன். முகம் செத்துப்போயிற்று. கம்பெனி வக்கீலுக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் பேசினார். பிறகு என்னை உட்கார வைத்துச் சொன்னார். கடிதம் கொடுத்தால், டிவியிலும் இணையத்திலும் தப்பாகப் போட்டோம் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும், மில் அதை வைத்துக்கொண்டு முழுச் செய்தியும் பொய் என்று வழக்குப் போடும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான்கு பேரில் ஒருத்தி இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மீதி மூன்று பேர். மூன்று பேரில் யார் என்று கண்டுபிடிக்க மில்லுக்கு ஒரு நாள் ஆகாது.

கொடுத்தா பொன்னழகு போச்சு, கொடுக்காட்டி இந்தம்மா போச்சு என்றார். இந்தம்மா ஏற்கெனவே போயாகிவிட்டது என்பதை அவர் சொல்லவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பேரு உனக்கு எப்படிம்மா கிடைச்சது?”

“சும்மா தோணுச்சு சார்.”

ஊர்ப் பேரா வைன்னு சொன்னதும் நான்தான் என்றார்.

செப்டம்பர் 10, புதன்

பொன்னழகு அக்காவிடம் கேட்டேன். ஒரே ஒரு வார்த்தை நீங்கள் சம்மதித்தால் கடிதம் வாங்கிவிடலாம் என்றேன். வாங்க முடியாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் கேட்டேன். பழியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிவிடலாம் என்றுதான் கேட்டேன் போலிருக்கிறது.

“அவ போயிட்டா பாப்பா. நானும் போகணுமா? மகன் பிளஸ் டூ படிக்கிறான். உங்கள நம்பித்தான் வந்தேன்.”

மறுபடி கூப்பிட்டபோது எண் உபயோகத்தில் இல்லை என்றது.

செப்டம்பர் 12, வெள்ளி

ஹாருண் என் பழைய நோட்டைக் கேட்டான், ஜூன் மாதத்து நோட்டு. எதற்கு என்றேன். சும்மா பாக்கணும் என்றான். ஹாஸ்டலில் இருக்கிறது என்றேன். பையில்தான் இருந்தது. அதில் ஒரு தாள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 15, திங்கள்

கிருபாவிடம் கெஞ்சித் தலைப்பிலிருந்து பெயரை எடுக்க வைத்தேன். இரண்டு நிமிட வேலை. ஆனால் அதற்குள் பதினேழு சேனல்கள் அதே வீடியோவை எடுத்துத் தங்கள் முத்திரையோடு போட்டிருக்கின்றன. ஒன்றில் பின்னணி இசை வேறு. எல்லாருக்கும் எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் நன்றி சகோ என்று போட்டிருந்தார்.

செப்டம்பர் 18, வியாழன்

கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். ‘சகாய ஜெனிட்டா ஆகிய நான், மேற்படி செய்தியில் இடம்பெற்ற பெயரை என் விருப்பப்படி வைத்தேன். திருமதி வெள்ளத்தாய் எங்களிடம் பேசியவர் அல்ல. காட்சியில் நிழலாக அமர்ந்திருப்பதும் நானே.’ கீழே கையெழுத்து. சீல் இல்லை. மடித்துப் பையில் வைத்தேன்.

நாளைக்கு அனுப்பலாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

அனுப்பவில்லை. அனுப்பினால் மூன்று பேர் கணக்கு வந்துவிடும். பொன்னழகு அக்காவுக்காகத்தான் யோசிக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இணைய மாடியிலேயே என்னை வைத்துக்கொண்டார்கள். இன்று காலை முதல் தங்க விலை, மழை நிலவரம், ஒரு நடிகையின் நாய்.

தவமணி வீட்டுக்குப் போன் போட்டேன், எடுத்தது அவள் தங்கை. கிரைண்டரில்தான் கை போனது என்று அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். பதிலுக்குத் தங்கையை அதே மில்லில் சேர்த்துக்கொள்கிறார்கள். தீபாவளி கழிந்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். எந்தப் பிரிவு என்று கேட்டேன். தெரியலக்கா, அக்கா இருந்த எடம்தான்னு நெனைக்கிறேன் என்றாள். பதினெட்டு வயசு ஆயிடுச்சா என்று கேட்டேன். சிரித்தாள்.

இந்த நாலரை மாதத்தில் நான் எழுதிய ஒரே உருப்படியான செய்தி இது. அதனால் நடந்தது இவ்வளவுதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஊரிலிருந்து திரும்பி வந்தாயிற்று. அம்மா அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். நாலு நாளும் அதற்குக் கீழேதான் சாப்பிட்டேன். எடுத்துடும்மா என்று சொன்னேன். அந்தோணியாருக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள்.

இங்கே ஒன்றை எழுதிவிடுகிறேன். காட்ட வேண்டாம் என்றுதானே சார் சொன்னார். அந்தப் பெயர் தானாக வரவில்லை. பழரசக் கடையில் போன் வந்தபோது நல்ல பெயராக இருக்கிறதே என்று நோட்டில் எழுதிச் சுற்றி வட்டம் போட்டேன். பதினெட்டாம் தேதி பேனாவை எடுத்தபோது நோட்டு திறந்துதான் இருந்தது. இது நிஜமான ஆளின் பெயர் என்று தெரியும். அடைப்பு போட்டுவிட்டால் போதும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அந்தத் தாளைக் கிழித்தது ஜூலை பத்தாம் தேதி ராத்திரி. ஃபேன் காற்றில் அட்டை திரும்பவில்லை. நான் திருப்பினேன்.

நவம்பர் 14, வெள்ளி

சிறந்த மாணவப் பத்திரிகையாளர் நான்தான். மூன்று வடிவத்திலும் ஒரே செய்தியை வெற்றிகரமாகக் கொண்டுசென்றதற்காக. கேடயம் கனமாக இருக்கிறது. மாசிலாமணி சார் விழாவுக்கு வரவில்லை, காய்ச்சலாம். ஹாருண் போன வாரமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஆம்பூரில் மாமாவின் செருப்புக் கம்பெனி. போகும்போது, “நீ நல்லா வருவ ஜெனி” என்று மட்டும் சொன்னான். அதைத் திட்டாக எடுத்துக்கொள்வதா வாழ்த்தாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. திட்டுதான்.

நவம்பர் 27, வியாழன்

டிசம்பர் முதல் தேதியிலிருந்து வேலை. நியமனக் கடிதம் கையில் வந்துவிட்டது. சீல் இருக்கிறது.

மதியம் மொட்டை மாடிக்குப் போய் வெள்ளத்தாயைக் கூப்பிட்டேன். பதிவேட்டிலிருந்து எடுத்த எண் அன்றைக்கிருந்தே போனில் இருக்கிறது. வேலை உறுதியான பிறகுதான் கூப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். அன்றாடம் ஆபீஸிலிருந்து என்றதும், வெளியூரு போன பொண்ணு வந்தாச்சா என்று கேட்டார்.

“அன்னிக்கே தெரியும்மா. அட்டையத் திருப்புறப்பயே பாத்தேன். சின்னப் பொண்ணு, பயப்படுதுன்னு விட்டுட்டேன்.”

அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தார். கடிதம் தயாராக இருக்கிறது அக்கா, என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும் என்று கேட்டேன்.

“அதுல என்ன பேரு போட்டிருக்கீங்க?”

“உங்க பேருதான் க்கா. வெள்ளத்தாய்.”

“அது வேண்டாம்மா. காங்கயத்துப் பக்கம் நார் மில்லுல இருக்கேன். மேஸ்திரி கூட்டிட்டு வந்தாரு, ஆதார் அட்ட கிட்ட ஒண்ணும் கேக்கல. பேரு மட்டும்தான் கேட்டாங்க. மூணு எடத்துல அந்தப் பேரச் சொல்லி வெரட்டிட்டாங்க, இங்கயும் எப்படிச் சொல்றது? லட்சுமின்னு சொல்லிட்டேன்.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“மக வீட்டுலகூட சொல்லி வச்சிருக்கேன், யாரு வந்து கேட்டாலும் லட்சுமின்னே சொல்லுங்கன்னு. பேத்திக்குத்தான் வாயில வரல. நீங்க அந்த லெட்டர அனுப்பிட்டீங்கன்னா இங்கயும் போச்சு.”

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். லட்சுமி, லட்சுமி என்று இரண்டு தடவை கேட்டது. இரண்டாவது தடவைதான் அவர் திரும்பினார். வைக்கிறேம்மா என்றார்.

கீழே இறங்கி வந்தேன். ஜூன் பதினெட்டாம் தேதிக் கட்டுரையின் கைப்பிரதி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது பத்தியில் நான் முதலில் எழுதிய லட்சுமியும், அதன்மேல் சாரின் சிவப்புக் கோடும் அப்படியே இருக்கின்றன. கடிதத்தை நான்காகக் கிழித்தேன். நான்கரைக்கு ஷிஃப்ட் மாறியது. மழை நிலவரம் போடச் சொன்னார்கள், போட்டேன்.